அடுத்த லோமு

சென்ற மாதம் என் பேரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரண்டு வாரம் வருத்தப்பட்டேன். அந்த வருத்தத்தில் தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். விளையாட்டுச் சங்கதிதான். ஆனால் அந்த ஆட்டம் தெரியாதவர்களும் படிக்கலாம்.

என் மகள் குடும்பம் துலூஸ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறது. நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ரக்பி அப்படி. பதின்மூன்று வயதுப் பேரன் ஊர்ப் பையன்கள் அணியில் விங் ஆடுகிறான். அவனுக்கு இப்போது கடவுள் என்றால் லூயி பியேல்-பியாரே. பிரான்சு அணியின் இடது ஓரத்தில் சிவப்புத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஓடுகிறாரே, அவர்தான். பேரனும் அதே போல ஒரு சிவப்புக் கவசம் வாங்கிப் போட்டுக்கொண்டு, தான் ஓடுகிற வீடியோ ஒன்றை எனக்கு அனுப்பினான்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரான்சிலிருந்து விடுமுறைக்குப் புதுச்சேரி வருகிற உறவினர்கள் கொண்டுவரும் விளையாட்டுப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து ரக்பி பழகியவன். அந்தப் பெருமையில், "நல்லா ஓடறே கண்ணு. ஆனா லோமுன்னு ஒருத்தன் இருந்தான். உன் பியேல்-பியாரே எல்லாம் அவன் கால் தூசிக்கு வருமா?" என்று சொல்லிவிட்டேன்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தாத்தா, நீங்க லோமு ஆடின ஒரு மேட்ச்சாவது முழுசா பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

உண்மையைச் சொன்னால் இல்லை. பத்திரிகையில் படித்ததும், தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்த சில நிமிடங்களும்தான். அதன்பின் இரண்டு வாரம் வீடியோ வரவில்லை. நானும் மகனைக் கணினியில் தேடித் தரச் சொல்லி, பழைய ஆட்டங்களை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ரக்பியில் ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையால் முன்னே வீசக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் வீசலாம். முன்னே போக வேண்டுமானால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 5 புள்ளி. அதற்கு ஆங்கிலத்தில் ட்ரை, பிரெஞ்சில் எஸ்ஸே. இரண்டுக்குமே முயற்சி என்று பொருள். பழைய காலத்தில் பந்தைத் தரையில் வைத்ததற்குத் தனியாகப் புள்ளி கிடையாது. கம்பங்களுக்கு இடையே உதைத்துப் பார்க்க ஒரு முயற்சிக்கு உரிமை கிடைக்கும், அவ்வளவுதான். சட்டம் மாறினாலும் பெயர் நின்றுவிட்டது. மைதானத்தின் இரண்டு ஓரங்களிலும் நிற்கிற 11, 14 எண் சட்டைக்காரர்கள்தான் விங். பிரெஞ்சில் எலியே, அதாவது இறக்கைக்காரர்.

ஜோனா லோமு நியூசிலாந்தின் 11ஆம் எண். பெற்றோர் டோங்கா தீவினர். 1975 மே 12இல் ஆக்லாந்தில் பிறந்தார். உயரம் 6 அடி 5 அங்குலம், எடை 119 கிலோ. அதற்கு முன் விங் என்றால் ஒல்லியாக, வேகமாக ஓடி ஆளைச் சுற்றிக்கொண்டு போகிறவர் என்றுதான் அர்த்தம். இவரோ முன்வரிசை மல்லன் போன்ற உடம்போடு அவர்களுக்குச் சமமாக ஓடினார்.

உலகம் இவரை அறிந்தது 1995 ஜூன் 18 அன்று. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் உலகக் கோப்பை அரையிறுதி, எதிரணி இங்கிலாந்து. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பந்து இவரிடம் வந்தது. ஒருவரைச் சுற்றிப் போனார், இன்னொருவர் காலைத் தட்டியதில் கொஞ்சம் தடுமாறினார், எதிரே கடைசியாக நின்ற மைக் கேட் மேல் ஏறி மிதித்துக்கொண்டே போய்ப் பந்தை வைத்தார். அன்றைக்கு மொத்தம் நாலு ட்ரை. நியூசிலாந்து 45-29 என்று வென்றது. இன்றைக்கு லோமு என்றால் எல்லோர் கண்ணிலும் வருவது அந்த மைக் கேட் காட்சிதான். என் கண்ணிலும் அதுதான் இருந்தது.

ஒரு விவரம் பாருங்கள். அந்த உலகக் கோப்பையில் லோமு வைத்தது 7 ட்ரை. அதே அணியில் மார்க் எல்லிஸ் என்பவர் வைத்ததும் 7. அதில் 6, ஜப்பானுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில். கணக்கு ஒன்றுதான். ஆனால் எந்த இளைஞனையும் யாரும் "அடுத்த எல்லிஸ்" என்று சொல்லிக் கேட்டதில்லை. ஒப்பிடுகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து ஒப்பிடுவதில்லை, மனதில் பதிந்த ஒரு காட்சியோடுதான் ஒப்பிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

சரி, லோமு இருபது வயதில் எப்படி வந்தார் என்று பார்த்தோம். பத்தொன்பது வயதில் எப்படி இருந்தார்? இதைத்தான் நான் மறந்திருந்தேன். அதுவும் பிரான்சு சம்பந்தப்பட்ட கதை.

1994இல் பிரான்சு அணி நியூசிலாந்துக்குப் போயிருந்தது. ஜூன் 26 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் முதல் டெஸ்ட். அன்றுதான் லோமு 19 வயது 45 நாளில் அந்நாட்டின் மிக இளைய டெஸ்ட் ஆட்டக்காரராக இறங்கினார். பள்ளியில் முன்வரிசைப் பக்கம் ஆடிய பையனை விங்கில் நிறுத்தி அதிக காலம் ஆகவில்லை. எதிரே பிரான்சின் எமில் ந்தமாக். பிரெஞ்சுக்காரர்கள் அவர் பக்கமாகவே ஆடிச் சோதித்தார்கள். பந்து கையில் இருக்கும்போது பயமுறுத்தியவர், பந்து இல்லாதபோது எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று தெரியாமல் திணறினார். பிரான்சு 22-8 என்று வென்றது. அடுத்த வாரம் ஆக்லாந்து ஈடன் பார்க்கில் இரண்டாவது டெஸ்ட். கடைசி நிமிடங்களில் ஃபிலிப் சேன்-ஆந்த்ரே தன் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஓடத் தொடங்கி, பந்து கைமாறிக் கைமாறி மைதானத்தின் மறுமுனைக்குப் போய், ழான்-லுக் சதூர்னி வைத்த ட்ரையைப் பிரான்சில் இன்றும் பேசுவார்கள். 23-20. அந்த மைதானத்தில் நியூசிலாந்து அதன்பின் முப்பது வருஷத்துக்கும் மேல் தோற்கவே இல்லை.

தோல்விக்குப் பின் லோமுவுக்கு இடம் போயிற்று. உடம்புத் தகுதி போதாது, ஆட்டம் புரியவில்லை என்று சொன்னார்கள். 1995 உலகக் கோப்பைக்கும் கடைசி வரை நிச்சயம் இல்லை. கடுமையான பயிற்சி முகாம்களில் ஓட விட்டுப் பார்த்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

கிறைஸ்ட்சர்ச் ஆட்டத்தை முழுதும் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அன்றைக்கு மறு ஓரத்தில் 14ஆம் எண் போட்டு நின்றவர் ஜான் கிர்வன். 1987இல் நடந்த முதல் உலகக் கோப்பையின் நாயகர்களில் ஒருவர். அப்போது நியூசிலாந்தில் நல்ல விங் என்றால் அளவுகோல் கிர்வன்தான். பழைய அளவுகோலும் புதுப் பையனும் ஒரே அணியில், ஒரே புல்லில் நின்றிருக்கிறார்கள். அன்று மாலை ஒருவர் எழுந்து "இந்தப் பையன் கிர்வன் கால் தூசிக்கு வருமா?" என்று கேட்டிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்?

அலுவலகத்தில் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு தாளில் கட்டம் போட்டேன். கிர்வன்: டெஸ்ட் 63, ட்ரை 35. லோமு: டெஸ்ட் 63, ட்ரை 37. ஆட்டத்தின் எண்ணிக்கைகூட மாறவில்லை. பெயரை மறைத்துவிட்டுக் காட்டினால் இரண்டும் ஒரே ஆள் என்றுதான் சொல்வீர்கள்.

அப்படியானால் லோமுவின் பெருமை பொய்யா? இல்லை. கட்டத்தில் எழுத இடமில்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. கேப்டவுன் ஆட்டம் நடந்த அதே 1995 முடிவதற்குள் அவருக்குச் சிறுநீரகத்தில் புரதம் கசிந்து போகும் நோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்று பெயர். அவருடைய 63 டெஸ்டில் பெரும்பாலானவை அதற்குப் பின் ஆடியவை. நடுவில் மருந்துக்காகவே பல மாதம் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. அப்படியிருந்தும் 1999 உலகக் கோப்பையில் 8 ட்ரை. கடைசி டெஸ்ட் 2002இல், 27 வயதில். அடுத்த ஆண்டு டயாலிசிஸ். 2004இல் ஒருவர் தந்த சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். சில வருஷம் தாங்கிய அதுவும் பின்னர் கைவிட்டது. 2015 நவம்பர் 18 அன்று, நாற்பது வயதில் காலமானார். டயாலிசிஸ் என்றால் என்னவென்று இதைப் படிக்கிற நம்மில் பலருக்கு வீட்டிலேயே தெரியும். அந்த நோயை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஓடினான் என்பதைப் புள்ளி அட்டை சொல்லாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லோமுவை நிறுத்தவே முடியாது என்பது நாம் பிற்காலத்தில் கட்டிய கதை. கேப்டவுனுக்கு ஆறு நாள் கழித்து ஜோகன்னஸ்பர்க் இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா அவரை ஒரு ட்ரைகூட வைக்க விடவில்லை. ஒருவர் காலைப் பிடித்தால் அடுத்தவர் இடுப்பைப் பிடித்தார். 15-12 என்று கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. அவர் கடைசி வரை அந்த நாட்டுக்கு எதிராக எந்த டெஸ்டிலும் ட்ரை வைத்ததில்லை.

1999 அக்டோபர் 31 அன்று லண்டன் டுவிக்கன்ஹாமில் நடந்த அரையிறுதியும் அப்படித்தான். நியூசிலாந்துக்கு எதிரே பிரான்சு. லோமு இரண்டு ட்ரை வைத்தார். பிடிக்க வந்தவர்களைச் சட்டையில் ஒட்டிய தூசி போல உதறிவிட்டுப் போனார். ஆனால் பிற்பாதியில் பிரான்சு 33 புள்ளிகளைத் தொடர்ந்து எடுத்து 43-31 என்று வென்றது. அன்றைக்குப் பிரான்சின் விங் கிறிஸ்தோஃப் தொமினிசி. 5 அடி 8 அங்குலம்தான் இருப்பார். லோமு பக்கத்தில் நின்றால் பள்ளிக்கூடப் பையன் போலத் தெரிவார். ஃபாபியேன் கால்தியே முன்னே உதைத்த பந்து தரையில் பட்டு எம்பியதைத் தாவிப் பிடித்து ஓடி அவர் ஒரு ட்ரை வைத்தார். ஆட்டம் திரும்பியதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தக் கால்தியேதான் பின்னாளில் பிரான்சு அணியின் தலைமைப் பயிற்சியாளராகி, பியேல்-பியாரேயை அணிக்குள் கொண்டுவந்தவர். லோமுவை எதிரே நின்று பார்த்தவர் லோமு போன்ற ஒருவனைத் தேடிக்கொண்டிருக்கவில்லை.

மற்றவர்கள் தேடினார்கள். ஆக்லாந்தின் கேலெப் கிளார்க் 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஈடன் பார்க்கில் ஆளை ஆள் தள்ளிக்கொண்டு ஓடிய மறுநாளே "லோமு திரும்பி வந்தார்" என்ற மாதிரிதான் எழுதினார்கள். அவருடைய அப்பா லோமு காலத்தில் அதே நாட்டுக்கு ஆடியவர் என்பது பேச்சுக்கு இன்னும் வசதியாயிற்று.

அந்தப் பட்டத்தை அதிகம் சுமந்தவர் ஜூலியன் சாவேயா. 2012இல் முதல் டெஸ்டிலேயே அயர்லாந்துக்கு எதிராக மூன்று ட்ரை. 2015 உலகக் கோப்பைக் காலிறுதியில், கார்டிஃபில், பிரான்சை 62-13 என்று நசுக்கிய ஆட்டத்தில் மூன்று. அந்தக் கோப்பையில் மொத்தம் 8, லோமுவின் 1999 கணக்குக்குச் சமம். அடுத்த மாதமே லோமு இறந்துபோனார். சாவேயாவின் மொத்தக் கணக்கு 54 டெஸ்டில் 46 ட்ரை. லோமுவைவிட ஆட்டம் குறைவு, ட்ரை அதிகம். அப்படியும் 2017க்குப் பிறகு அவரை நாட்டு அணிக்கு எடுக்கவில்லை. அப்போது வயது 26. கணக்கில் முந்திய பின்னும் அவர் "அடுத்த லோமு"வாகத்தான் இருந்தார், சாவேயாவாக ஆகவே விடவில்லை. யாராவது "அடுத்த சாவேயா" என்று சொல்கிறார்களா?

இப்போது பேரனின் பியேல்-பியாரேக்கு வருகிறேன். 2003இல் கிரெனோபிள் நகரில் பிறந்தவர், பொர்தோ அணிக்கு ஆடுகிறவர். எடை லோமுவைவிட 30 கிலோவுக்கும் மேல் குறைவு. 2025 ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டத்திலும் ட்ரை வைத்து மொத்தம் 8 ஆக்கினார். அந்தக் கணக்கை எட்டியவர்களைத் தேடினால் லோமு வரமாட்டார், ஏனென்றால் நியூசிலாந்து அந்தப் போட்டியில் இல்லை. வருகிறவர்கள் 1925இல் ஸ்காட்லாந்தின் இயன் ஸ்மித், 1914இல் இங்கிலாந்தின் சிரில் லோ. நூறு வருஷத்துக்கு முந்தியவர்கள்.

இந்த லோ குள்ளமான, இலேசான மனிதர். 5 அடி 6 அங்குலம். 1914இல் 8 ட்ரை வைத்த அந்த ஆண்டே முதல் உலகப் போர் வந்தது. விமானியாகப் போனார், உயிரோடு திரும்பி மறுபடியும் ஆடினார். இங்கிலாந்துக்காக அவர் வைத்த 18 ட்ரையை 1990இல்தான் ஒருவர் தாண்டினார். அவர் ரோரி அண்டர்வுட், அவரும் விமானப்படை விமானி. அவரேதான் 1995இல் கேப்டவுனில் லோமுவுக்கு எதிரே ஆடிய அணியின் 11ஆம் எண். அன்று அவரும் இரண்டு ட்ரை வைத்தார். அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அண்டர்வுட் விமானி என்று சொன்னேன் அல்லவா, அதையும் யோசிக்க வேண்டும். 1995 ஆகஸ்டில் பாரிசில் கூடிய சர்வதேச வாரியம்தான் ரக்பியைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடலாம் என்று அறிவித்தது. அதாவது லோமு கேப்டவுனில் தள்ளிவிட்டவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர்கள். இன்றைய பையன் எதிரே நிற்பவர்கள் ஆண்டு முழுதும் அதையே தொழிலாகச் செய்கிறவர்கள். தடுப்பாட்டத்துக்கு மட்டும் தனிப் பயிற்சியாளர், ஒவ்வொரு ஓட்டத்தையும் வீடியோவில் நிறுத்திப் பார்க்கும் ஆட்கள் எல்லாம் உண்டு. அதற்காக லோமு குறைந்தவர் ஆகிவிடமாட்டார். எதிரே நிற்கிற சுவர் வேறு, ஏறுகிற உடம்பு வேறு. உயரத்தை மட்டும் அளந்து என்ன பயன்?

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்பிடாமல் விளையாட்டுப் பேச்சு ஏது? ஆனால் ஒப்பிடுகிற முறை ஒன்று இருக்கிறது. பத்தொன்பது வயதுக்காரனைப் பத்தொன்பது வயது லோமுவோடு ஒப்பிட வேண்டும். முதல் இரண்டு டெஸ்டை அவருடைய முதல் இரண்டு டெஸ்டோடு ஒப்பிட வேண்டும். நாம் செய்வது என்ன? பெரியவரின் ஆயுளிலேயே சிறந்த எண்பது நிமிடத்தை எடுத்து, சின்னவனின் சாதாரண சனிக்கிழமைக்குப் பக்கத்தில் வைக்கிறோம். அந்தத் தராசில் நிறுத்தால் 1994 ஜூலையில் லோமுவே தேறியிருக்கமாட்டார். இதில் அநியாயம் சின்னவனுக்கு மட்டும் இல்லை. நோயோடும் தோல்வியோடும் வாழ்ந்த ஒரு மனிதரை, ஒருவர் மேல் ஏறி மிதித்துப் போகும் சில விநாடிப் படமாகச் சுருக்கிவிடுகிறோமே, அது அவருக்கும் அநியாயம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பேசும்போது பேரனைக் கூப்பிடச் சொன்னேன்.

"கண்ணு, நீ கேட்டது சரி. நான் முழுசா பார்த்தது இல்லை. இப்போதான் பார்த்தேன்" என்றேன். கிறைஸ்ட்சர்ச் கதையைச் சொன்னேன். பிரான்சு அந்தப் பையனைத் திணற அடித்ததையும், அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டதையும் சொன்னேன்.

"அப்புறம் அவனைச் சேத்துக்கிட்டாங்களா தாத்தா?"

"ஒரு வருஷம் கழிச்சுச் சேத்துக்கிட்டாங்க."

"அந்த ஒரு வருஷம் என்ன பண்ணான்?"

"ஓடினான்" என்றேன்.

நேற்று வீடியோ வந்தது. அவன் அம்மா ஓரத்தில் நின்று கையில் போனைப் பிடித்து எடுத்தது, முழு ஆட்டம். பையனுக்கு நாலு தடவை பந்து வந்தது. இரண்டு தடவை நழுவ விட்டான். ஒரு தடவை கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். ஒரு தடவை பதினைந்து மீட்டர் போல ஓடினான். லோமு பெயரை எடுக்கவில்லை. முழுதும் பார்த்தேன் என்று மட்டும் பதில் போட்டேன்.